கிட்னியைக் கெடுத்தது எந்த மாத்திரை?

பினாங்கு தண்ணீர்மலையில் முருகனைப் பார்க்க 513 படி ஏற வேண்டும். என் மாமா தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் ஏறுவார். பிறையில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். படி ஏறுவதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய தைப்பூசத்தில், நூறு படிகூட ஏறியிருக்க மாட்டார், ஓரமாக உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஆனால் அதன் வார் பதிந்த தடம் இரண்டு பாதத்திலும் பள்ளமாக அப்படியே இருந்தது. கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. அது மேலெழும்ப வெகுநேரம் ஆனது.

"வயசாகுதும்மா, வேற ஒண்ணுமில்ல," என்றார். அப்புறம் ஏதோ நல்ல செய்தி சொல்வது போல, "ஆனா இனிப்பு நீர் நல்லா குறைஞ்சிடுச்சு தெரியுமா? ஊசி போடுறதையே நிறுத்திட்டேன்," என்றார். எங்கள் பேச்சில் இனிப்பு நீர் என்றால் நீரிழிவு, ஊசி என்றால் இன்சுலின். நானும் சந்தோஷப்பட்டேன். கால் வீங்கியதும் இனிப்பு குறைந்ததும் ஒரே காரணத்தால்தான் என்று அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தெரியாது.

இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் காட்டும் எண் 8. ஆரோக்கியமானவர்களுக்கு அது 90-க்கு மேல் இருக்கும். டாக்டர் டயாலிசிஸ் பற்றிப் பேசத் தொடங்கினார். வீட்டில் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது: "இருவது வருஷமா இனிப்பு நீர் மாத்திரை சாப்பிட்டாரே, அதுதான் கிட்னிய தின்னுடுச்சு."

கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் 'மாமாக்' சாப்பாட்டுக் கடை மேசையிலும் நம் சனங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். மாமாவோடு டயாலிசிஸ் நிலையத்துக்கு அலைந்த காலத்தில் டாக்டர்களிடமும் தாதியரிடமும் கேட்டும், தேடிப் படித்தும் நான் தெரிந்துகொண்டது வேறு. சில மாத்திரைகள் கிட்னியைக் கெடுப்பது உண்மை. ஆனால் நாம் பழி போடுவது தப்பான மாத்திரையின் மேல். அந்தத் தப்பால் இன்னும் எத்தனையோ பேர் தங்கள் கிட்னியைக் காப்பாற்றும் மருந்தையே தூக்கி எறிகிறார்கள்.

வாசலில் கொட்டி, வேண்டியதை உள்ளே எடுப்பது

சிறுநீரகம் அழுக்கை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியே போடுகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வேலை செய்யும் விதம் அப்படி இல்லை. தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்கிறோமே, எல்லாச் சாமானையும் வாசலில் கொண்டுவந்து கொட்டிவிட்டு, வேண்டியதை மட்டும் துடைத்து உள்ளே எடுத்து வைப்போம் அல்லவா? அது மாதிரி. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு கைமுட்டி அளவு உறுப்புகளுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள். ஒரு நாளைக்கு மொத்தம் 180 லிட்டர் நீரை இவை ரத்தத்திலிருந்து வடித்து வெளியே கொட்டுகின்றன. உப்பு, சர்க்கரை, தண்ணீர் எல்லாம் அதோடு போய்விடும். பிறகு, வேண்டியதையெல்லாம் திரும்ப உறிஞ்சி உள்ளே அனுப்புகின்றன. கடைசியில் மிஞ்சும் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீர்.

இதைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் புரியும். "எனக்குத்தான் ஒண்ணுக்கு நல்லா போகுதே, கிட்னிக்கு என்ன கேடு?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். மாமாவும் கேட்டார். வேலைத்திறன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால்கூட ஒரு நாளைக்கு 18 லிட்டர் வடியும். அதிலிருந்து இரண்டு லிட்டர் சிறுநீர் வருவதில் என்ன கஷ்டம்? கெட்டுப்போன சிறுநீரகம் திரும்ப உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நீர் தாராளமாகப் போகும். அதில் கழிவுதான் போதுமான அளவு இருக்காது. சிறுநீரைச் செறிவாக்கும் சக்தியும் போய்விடுவதால் ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுந்து போக வேண்டிவரும். அதையும் வயதின் மேல் போட்டுவிடுவோம்.

இந்த நோய் சத்தமில்லாமல் வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை என்று வையுங்கள். வந்தவர்கள் ஓவர்டைம் போட்டு உற்பத்தியைக் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. நெஃப்ரான்களும் அப்படித்தான். கொஞ்சம் செத்தால் மிச்சம் இருப்பவை பெருத்து, கூடுதல் அழுத்தத்தில் வேலை செய்கின்றன. கிட்னி தானம் கொடுத்தவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு நன்றாக வாழ்வது இந்தச் சக்தியால்தான். ஆனால் உள்ளே இனிப்பும் ரத்தக் கொதிப்பும் அரித்துக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தில், அந்தக் கூடுதல் அழுத்தமே மிச்சம் இருப்பவற்றையும் தழும்பாக்கிவிடுகிறது. தழும்பான நெஃப்ரான் மறுபடி முளைப்பதில்லை.

2018-இல் மலேசியா முழுக்க எடுத்த ஆய்வில், வயது வந்தவர்களில் 15.5 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. 2011-இல் அது 9 சதவீதம்தான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அடுத்த எண்: அப்படி நோய் இருந்தவர்களில் 100-க்கு 5 பேருக்குத்தான் தங்களுக்கு அது இருப்பதே தெரிந்திருந்தது.

இனிப்பு எப்படிக் கெடுக்கிறது

மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவு, நாம் சொல்லும் இனிப்பு நீர். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்த மலேசியர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 சதவீதம். மூன்றில் ஒருவர் என்றே சொல்லலாம். ஒரு கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையை எண்ணிப் பாருங்கள்.

ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாக ஓடும்போது, வடிகட்டிக்குள் போகும் சிறு ரத்தக்குழாய் அகலமாகத் திறந்துகொள்கிறது, வெளியேறும் குழாய் சுருங்குகிறது. உள்ளே வருவது அதிகம், வெளியே போக வழி குறைவு. நடுவில் இருக்கும் வடிகட்டியில் அழுத்தம் ஏறுகிறது. அதனால் ஆரம்பத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகவே வடிக்கும், வேலைத்திறன் எண்ணும் அழகாகவே இருக்கும். போகப் போக வடிகட்டியின் சவ்வு தடித்து, அதன் மேல் விரல் கோத்ததுபோல் பிடித்துக்கொண்டிருக்கும் செல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. வெளியே போகக் கூடாத புரதம், முக்கியமாக அல்புமின், சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. சிறுநீர் நுரைத்து, தண்ணீர் ஊற்றினாலும் அந்த நுரை அடங்காமல் நின்றால் அது பெரும்பாலும் இந்தப் புரதம்தான். ஆனால் நுரை கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வருடம் முன்னாலேயே, பரிசோதனைக்கு மட்டும் தெரியும் அளவில் கசிவு ஆரம்பமாகிவிடும். அந்த வருடங்கள்தான் காப்பாற்றக்கூடிய வருடங்கள்.

ரத்தக் கொதிப்பு இதே வேலையை இன்னொரு வழியில் செய்கிறது. வடிகட்டிக்குப் போகும் குழாய்களைத் தடிக்கவைத்து, ரத்தம் போகாமல் பட்டினி போட்டுச் சாகடிக்கிறது. இரண்டும் சேர்ந்து வருகிறவர்கள்தான் நம்மில் ஏராளம். வேறு காரணங்களும் உண்டு: உடம்பின் எதிர்ப்புசக்தியே வடிகட்டியைத் தாக்கும் நோய்கள், பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரகம், கவனிக்காமல் விட்ட கல்லடைப்பு, வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கி வழியை அடைப்பது. நீர்க்கட்டி நோய் பெரும்பாலும் தாய் தகப்பன் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரப் பாதி வாய்ப்பு. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர்கள் முப்பது வயதுக்குள் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

சரி, மாத்திரைக்கு வருவோம். நீரிழிவுக்கு முதலில் கொடுக்கும் மருந்து மெட்ஃபார்மின். அது சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் அது உடம்பை விட்டு வெளியேறுவது சிறுநீரகம் வழியாகத்தான். அதனால் வேலைத்திறன் 45-க்குக் கீழே இறங்கினால் டாக்டர் அளவைக் குறைப்பார், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார். இல்லையென்றால் மருந்து தேங்கி ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. இதை வீட்டில் இருக்கிறவர் எப்படிப் பார்க்கிறார்? கிட்னி கெட்டது, உடனே டாக்டரே அந்த மாத்திரையை நிறுத்தினார், அப்படியானால் கெடுத்தது அதுதானே? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மழை வருகிறது என்று கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிட்டு, துணியால்தான் மழை வந்தது என்று சொல்வது போன்றது அது.

மாமா எப்படி மாட்டிக்கொண்டார் என்று பின்னால் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கோப்பிக் கடையில் ஒரு நண்பர், "இந்த மாத்திரையெல்லாம் கிட்னிக்கு ஆகாது" என்று சொல்லியிருக்கிறார். மாமா மெட்ஃபார்மினைப் பாதியாக்கினார், பிறகு விட்டார். அரசாங்க கிளினிக்கில் கொடுத்ததையெல்லாம் வாங்கி வந்து அலமாரியில் அடுக்கியிருக்கிறார். அத்தை ஒரு நாள் மேல்தட்டைத் திறந்தபோது பிரிக்காத பொட்டலங்கள் சரிந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் மாமாவின் பெயர், தேதி, "ஒரு நாளைக்கு இரண்டு வேளை". எண்ணிப் பார்த்தோம். பதினான்கு மாத மருந்து.

அந்தப் பதினான்கு மாதத்தில் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டது வேறொன்று. முட்டி வலிக்கு பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிய மூலிகை கேப்சூல், பாட்டில் 35 வெள்ளி (ரிங்கிட்). "இது வேர், இலை. கெமிக்கல் ஒண்ணும் கிடையாது," என்று விற்றவர் சொன்னாராம். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. முகமும் கொஞ்சம் உப்பியது. உடம்பு தேறிவிட்டதாக எல்லாரும் சொன்னோம்.

பதிவு செய்யாத மூலிகைப் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் ரகசியமாகக் கலந்த வலி மருந்துகளும் கண்டுபிடிக்கப்பட்டதாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டு நாளில் முட்டி வலியைப் பறக்கவைக்கும் வேர் எதுவும் இல்லை. அந்த வேகமே சந்தேகத்துக்குரியது. ஸ்டீராய்டு இனிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஒருசேர ஏற்றும், முகத்தை நிலாவட்டமாக உப்பவைக்கும். மலேசியாவில் முறையாகப் பதிவு செய்த மருந்தின் அட்டையில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒளிரும் ஒட்டுவில்லையும் இருக்கும். மாமாவின் பாட்டிலில் இரண்டும் இல்லை.

வலி மாத்திரைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை மூலைக்கு மூலை மருந்தகத்தில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைப்பவை. டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம், இபுப்ரோஃபென் எல்லாம் ஒரே குடும்பம். வடிகட்டிக்குள் ரத்தம் கொண்டுவரும் குழாயைத் திறந்து வைத்திருக்க உடம்பு புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதும் அதே பொருள்தான். மாத்திரை அதை அடைத்தால் வலி போகும், கூடவே அந்தக் குழாயும் சுருங்கும். நல்ல சிறுநீரகம் இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே அரைகுறையாக ஓடுகிற சிறுநீரகம் தாங்காது. ரத்த அழுத்த மாத்திரையும், சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர், வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றியிருக்கும் நேரத்தில், இதையும் சேர்த்து விழுங்கினால் சில நாளிலேயே சிறுநீரகம் செயலிழந்துவிடக்கூடும். சாதாரண வலிக்கு, சொல்லப்பட்ட அளவில், பாரசிட்டமால் இவர்களுக்கு எவ்வளவோ மேல்.

இதற்கு நேர்மாறாக, சிறுநீரகத்தைக் காப்பாற்றவென்றே கொடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. பெரிண்டோப்ரில், லோசார்டான் போன்றவை ரத்த அழுத்தத்துக்கு என்று எழுதித் தருவார்கள். ஆனால் வடிகட்டியிலிருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்தி உள்ளழுத்தத்தை இறக்குவதுதான் சிறுநீரகத்துக்கு அவை செய்யும் பெரிய உதவி. புரதக் கசிவு குறையும். தொடங்கியவுடன் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவின் ரத்த அளவு, கொஞ்சம் ஏறலாம், அழுத்தம் இறங்குவதன் அடையாளம் அது. அதைப் பார்த்துப் பயந்துதான் பலர் நிறுத்துகிறார்கள். பெரிண்டோப்ரிலால் சிலருக்கு வறட்டு இருமல் வரும், அதனாலும் நிறுத்துகிறார்கள். மாற்று மருந்து இருக்கிறது, கேட்டால் போதும். அடுத்து, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின். எம்பாக்ளிஃப்ளோசினைச் சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்த பெரிய ஆய்வு 8 நாடுகளில் 6,609 பேரிடம் நடந்தது. அந்த எட்டில் மலேசியாவும் ஒன்று. நோய் முற்றும் அல்லது இதய நோயால் இறக்கும் ஆபத்து 28 சதவீதம் குறைந்ததாக 2022 கடைசியில் முடிவு வந்தது. அந்த எண்ணுக்குள் நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

உடம்பு முழுக்கத் தெரிவது

சிறுநீரகம் சத்தம் போடாமல் கெட்டாலும், அதன் விளைவு கடைசியில் தலைமுதல் கால்வரை தெரியும். கால் வீக்கம் முதலில் கண்ணில் படுவது. உப்பை வெளியேற்ற முடியவில்லை. உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரும் தங்கும். பகலில் காலுக்கு இறங்கும், படுத்தால் முகத்துக்கும் நுரையீரலுக்கும் ஏறும். மாமா அந்தத் தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே மூன்று தலையணை வைத்து உட்கார்ந்த வாக்கில் தூங்கியிருக்கிறார். கட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார்.

மூச்சு வாங்கியதற்கு அது ஒரு பாதிக் காரணம். இன்னொரு பாதி ரத்தச்சோகை. ரத்தச் சிவப்பணுக்களைச் செய் என்று எலும்பு மஜ்ஜைக்குக் கட்டளை போடும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பதே சிறுநீரகம்தான். அது நின்றால் எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் ரத்தம் ஊறாது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும், பேச்சே களைப்பாகும். ஊசியாகத்தான் அந்த ஹார்மோனைக் கொடுக்க வேண்டும்.

இனி, மாமா கொண்டாடிய அந்த 'இனிப்பு குறைஞ்சிடுச்சு'. நாம் போடும் இன்சுலினில் பெரும் பங்கைச் சிதைத்து அகற்றுவது சிறுநீரகம். அது ஓய்ந்தபின், போட்ட ஊசி நெடுநேரம் ரத்தத்தில் நின்று வேலை செய்துகொண்டே இருக்கும். பட்டினி நேரத்தில் உடம்புக்குச் சர்க்கரை செய்து தருவதிலும் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு, அதுவும் நின்றுபோகும். பசியும் குறையும். மூன்றும் சேர்ந்தால் இனிப்பு தானாக இறங்குகிறது, சில ராத்திரிகளில் ஆபத்தான அளவுக்கு. பல வருடமாக ஏறியே இருந்த இனிப்பு, எதையும் மாற்றாமல் திடீரென்று அடங்கினால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

வாய் கசப்பு, இறைச்சி வாசமே பிடிக்காமல் போவது, காலையில் குமட்டல், மூச்சில் சிறுநீர் வாடை இவையெல்லாம் யூரியா முதலான கழிவுகள் தேங்குவதால். அரிப்பு தனிக் கொடுமை. அத்தை தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார், வேப்பிலை அரைத்துப் போட்டுப் பார்த்தார். தோலில் நோய் இல்லாதபோது எது போட்டு என்ன? எலும்பும் தேயும். வைட்டமின் டி-யை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவது சிறுநீரகம். அது நடக்காவிட்டால் சுண்ணாம்புச்சத்து குறையும், பாஸ்பேட் ஏறும், கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கறந்து எடுக்கும். கறந்த சுண்ணாம்பு ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படியும். சிறுநீரக நோயாளிகளை அதிகமாகக் கொல்வது இதய நோய் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பலர் டயாலிசிஸ்வரை வருவதற்கு முன்னாலேயே மாரடைப்பில் போய்விடுகிறார்கள்.

பொட்டாசியத்தைப் பற்றி நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது நாம் நல்லது என்று கொடுப்பதில்தான் நிறைந்திருக்கிறது. இளநீர், வாழைப்பழம், டுரியான். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-க்கும் 5-க்கும் இடையில் இருக்க வேண்டும். 6.5-ஐத் தாண்டினால், முன்னறிவிப்பே இல்லாமல் இதயத்துடிப்பு தடுமாறி நின்றுபோகலாம். "உடம்பு சூடு, இளநி குடிங்க" என்று அன்போடு நீட்டுகிற கையைத் தடுப்பது சங்கடம்தான். தடுக்கத்தான் வேண்டும். உப்பு குறைக்கச் சொன்னார்கள் என்று கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கி வருகிறவர்களும் கவனிக்க வேண்டும்: அதில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம்.

பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழம், இன்னும் மோசம். அதில் கேரம்பாக்சின் என்ற நரம்பு நஞ்சு இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், நமக்கு ஒன்றும் ஆகாது. சிறுநீரகம் கெட்டவருக்கு ஒரே பழம்கூட நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று கொண்டுபோய், உயிரையும் எடுத்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மரமே நிற்கும் ஊர் இது. ஜூஸ் கடையில் வாங்கும்போதும் என்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள்.

சீட்டில் பார்க்க வேண்டிய இரண்டு எண்

தமிழ்நாட்டு டாக்டர்கள் பேசும் வீடியோக்களை நம்மில் நிறையப் பேர் பார்க்கிறோம். நல்ல விஷயங்கள்தான். ஆனால் அவர்கள் "கிரியாட்டினின் 1.2" என்று சொல்வார்கள், நம் கிளினிக் சீட்டில் 106 என்று இருக்கும். இரண்டும் ஒன்றேதான், அளவுகோல்தான் வேறு. அங்குள்ள எண்ணை 88.4-ஆல் பெருக்கினால் நம் எண் வரும். இது தெரியாமல் அலறியவர்களும் உண்டு, தப்பாக நிம்மதி அடைந்தவர்களும் உண்டு.

கிரியாட்டினினை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. சதை குறைந்த வயதான அம்மாவுக்கு அது குறைவாகவே காட்டும். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட 'ஈஜிஎஃப்ஆர்' எண்ணைப் பார்க்க வேண்டும். இதுவரை வேலைத்திறன் எண் என்று சொன்னது இதைத்தான். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே கடைசிக் கட்டம். அடுத்தது, சிறுநீரில் எடுக்கும் 'ஏசிஆர்'. அல்புமின் கசிவை அளப்பது. நம் அளவுகோலில் 3-க்குக் கீழே இருக்க வேண்டும், 30-ஐத் தாண்டினால் கசிவு பலமாகிவிட்டது. ஈஜிஎஃப்ஆர் அழகாக 95 என்று காட்டும் காலத்திலேயே ஏசிஆர் குட்டை உடைத்துவிடும். நீரிழிவு இருப்பவர்கள் இரண்டையும் வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பதிவு செய்து டாக்டரைப் பார்க்கிறோம், அந்தச் சந்திப்பில் "என் ஏசிஆர் எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேட்டால் தாதியே சொல்லிவிடுவார்.

மாமாவுக்கு டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா செய்தார்கள். ஒரு நாள் என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். தோலுக்கடியில் கருவண்டு ஒன்று அடைபட்டு ரீங்காரம் போடுவது போல இருந்தது. "இது தினமும் காலைல இருக்கான்னு பார்க்கணும். நின்னுட்டா ஓடணும்," என்றார். அந்தக் கையில் கடிகாரம் கட்டக் கூடாது, பை தூக்கக் கூடாது, அழுத்தம் பார்க்க விடக் கூடாது. செவ்வாய், வியாழன், சனி, நான்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். மலாயில் 'சுச்சி டாரா' என்பதை நாமும் 'ரத்தம் கழுவுறது' என்கிறோம். ஆனால் நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் கழுவும். இயந்திரம் கழுவுவது 12 மணி நேரம். மிச்ச நேரத்தில் குடித்த தண்ணீரெல்லாம் உடம்பில்தான் கிடக்கும். இந்த வெயிலில் அவர் ஒரு நாளைக்குக் குடிப்பது முக்கால் லிட்டர். ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அது கரையும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டோர் இப்படி வாழ்கிறார்கள். வயிற்றுக்குள்ளேயே திரவம் செலுத்தி வீட்டில் செய்துகொள்ளும் முறையும் உண்டு, வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் அதற்கு ஈடு ஏதும் இல்லை. கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் 1975-இலேயே அந்த அறுவை சிகிச்சை தொடங்கிவிட்டது. கொடுப்பவர்கள்தான் போதவில்லை.

இந்தத் தைப்பூசத்துக்கு மாமா அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தார். அவர் மகன் படியேறினான். வயது 34, முப்பதிலேயே இனிப்பு நீர் வந்துவிட்டது. பாதி வழியில் நின்று கைத்தொலைபேசியை எடுத்து, "அக்கா, இதைப் பாருங்க," என்று பரிசோதனைச் சீட்டின் படத்தைக் காட்டினான். ஈஜிஎஃப்ஆர் 102. ஏசிஆர் 11. பெரிண்டோப்ரில் கொடுத்தார்களாம், இருமல் வந்ததால் ஒரு மாதமாகச் சாப்பிடவில்லையாம், "அப்பா மாதிரி மருந்தால எனக்கும் கெட்டுடுமோன்னு வேற பயம்." மறுவாரமே அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். லோசார்டானுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இருமல் நின்றுவிட்டது.

ஏப்ரலில் மறுபடி பார்த்தபோது ஏசிஆர் 6. மாமா டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தபடியே மகனிடம் அந்த எண்ணை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். மாத்திரைப் பொட்டலத்தையும் எடுத்துவரச் சொல்லி, காலியான குழிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.